முதல் கடல்நீர்த் தொட்டி: ஃபில்டரும் கருவிகளும் திட்டமிடுவது எப்படி?

மே மாத மதியம். மின்சாரம் போய் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. ஹாலில் 36 டிகிரி. பம்புகள் நின்றதால் தண்ணீரின் மேற்பரப்பு அசையாமல் கிடக்கிறது. உப்புத் தண்ணீர் நன்னீரைவிடக் குறைவாகத்தான் ஆக்சிஜனைத் தாங்கும். சூடேறினால் அதுவும் குறையும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. சென்னையிலோ தூத்துக்குடியிலோ வைத்த கடல்நீர்த் தொட்டி பிழைக்குமா பிழைக்காதா என்பது இந்த மாதிரி ஒரு மதியத்தில்தான் தெரியும். அதனால் எந்தக் கருவியை வாங்குவதற்கு முன்பும் "அந்த மதியத்தில் இது என்ன செய்யும்?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கீழே சொல்லும் எல்லாக் கணக்குகளும் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவைதான்.

உதாரணத்துக்கு ஒரே தொட்டியை எடுத்துக்கொள்கிறேன்: 3 அடி நீளம், 1.5 அடி அகலம், 1.5 அடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 190 லிட்டர். முதல் தொட்டிக்கு இதைவிடச் சின்னது வேண்டாம். 40 லிட்டர் நானோ தொட்டி மலிவாகத் தெரியும். ஆனால் அரை நாளில் வெப்பமும் உப்பளவும் ஏறி இறங்கிவிடும். பழகாத கைக்கு அது கஷ்டம்.

முதலில் மீன், அப்புறம் கருவி

எந்த மீன் வளர்க்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யாமல் ஃபில்டர் அளவை முடிவு செய்ய முடியாது. இந்த அளவுத் தொட்டிக்கு ஒரு ஜோடி கிளவுன் மீன், ஒரு ஃபயர்ஃபிஷ், ஒரு சிறிய கோபி, ஒரு கிளீனர் இறால், பாசி மேய ஐந்தாறு நத்தை என்றால் சரியாக இருக்கும். கிளவுன் மீனுக்குக் கடல் அனிமோன் கட்டாயமில்லை. முடிந்தவரை பண்ணையில் பிறந்த குஞ்சுகளையே கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் கிளவுன் மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை உருவாக்கிக் காட்டியிருக்கிறது. தொட்டியில் பிறந்த மீன் தொட்டி வாழ்க்கைக்கும் தீவனத்துக்கும் பழகியிருக்கும். பவளத்திட்டிலிருந்து ஒரு மீனும் குறையாது. ப்ளூ டேங் மீன் அழகுதான், ஆனால் அதற்கு 6 அடித் தொட்டியாவது வேண்டும். டாம்சல் மீன்கள் மலிவு, எதையும் தாங்கும். வளர்ந்ததும் மற்ற மீன்களைத் துரத்தித் துரத்தியே கொன்றுவிடும்.

இங்கே சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் பாறை கட்டும் பவளங்கள் எல்லாமே இருக்கின்றன. கருப்புப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை ஆகியவையும் அதில் உண்டு. உயிரோடு இருந்தாலும் செத்துக் காய்ந்த கல்லாக இருந்தாலும் அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவிலிருந்து "லைவ் ராக்" (கடலில் கிடந்து நுண்ணுயிர்கள் குடியேறிய கல்) கொண்டுவந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால், அது பெரும்பாலும் பவளக்கல்தான். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தத் தீவுகளைச் சுற்றியுள்ள பவளம் ஏற்கெனவே பட்ட அடி போதும். நம் தொட்டிக்கு அது தேவையும் இல்லை, மாற்று இருக்கிறது.

ஆகவே முதல் தொட்டியை மீனும் கல்லும் மட்டுமுள்ள தொட்டியாகவே திட்டமிடுங்கள். பவளத்துக்காக வாங்கும் விலை உயர்ந்த விளக்கும் கால்சியம் டோசிங் பம்பும் அதோடு பட்டியலிலிருந்து கழன்றுவிடும். மிச்சமாகும் பணத்தை மின்சாரப் பாதுகாப்புக்கும் குளிர்விப்பதற்கும் வையுங்கள்.

தொட்டி, ஸ்டாண்டு, இடம்

18 அங்குல உயரத்துக்கு 10 மில்லிமீட்டர் கண்ணாடி போதும். தண்ணீர், கண்ணாடி, கல், மணல், கீழே உள்ள சம்ப் (ஃபில்டர் கருவிகள் நிற்கும் இரண்டாவது தொட்டி), ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் எடை 300 கிலோவைத் தாண்டும். சுவரை ஒட்டி, முடிந்தால் பீமுக்கு மேலேயோ தூணுக்கு அருகிலோ வையுங்கள். வெயில் நேராக விழும் ஜன்னல் பக்கம் ஆகாது.

ஸ்டாண்டுக்கு இரும்புக் குழாய் அடித்தால் உப்பு அதை விடாது. எபாக்ஸி பிரைமரும் பெயிண்டும் இரண்டு கோட் அடியுங்கள். வெல்டிங் பண்ணிய மூலைகளில் இன்னும் ஒரு கோட். மரம் என்றால் கொதிநீர் தாங்கும் ரக பிளைவுட், வெட்டிய ஓரங்கள் எல்லாம் சீல் செய்யப்பட்டிருக்க வேண்டும். குழாய் வேலையில் பித்தளை வால்வு, செம்பு நிப்பிள் எதுவும் தண்ணீரைத் தொடக் கூடாது. செம்பு கரைந்தால் முதலில் இறாலும் நத்தையும் சாகும். பிளம்பர் பழக்கத்தில் ஒரு பித்தளை பால் வால்வை மாட்டிவிட்டுப் போவார். கூடவே நின்று பாருங்கள், எல்லாம் பி.வி.சி.யாகவே இருக்கட்டும்.

உண்மையில் வேலை செய்யும் ஃபில்டர்

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீவனத்திலிருந்தும் அம்மோனியா வருகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்குகிறது, இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. நன்னீர்த் தொட்டி வைத்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான். ஆனால் கடல்நீரில் ஒரு வித்தியாசம் உண்டு. கடல்நீரின் பி.எச். 8.1 முதல் 8.4 வரை இருக்கும். அந்த அளவில் அம்மோனியாவின் விஷமான வடிவம் பி.எச். 7 உள்ள நன்னீரில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். நன்னீரில் மீன் தாங்கிக்கொள்ளும் சின்ன அம்மோனியா ஏற்றம் இங்கே மீனைக் கொல்லும்.

இந்த பாக்டீரியாவுக்கு வீடு நுண்துளை உள்ள கல்தான். கல்லின் மேற்புறத்தில் ஆக்சிஜன் உள்ள இடத்தில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா. உள்ளே ஆக்சிஜன் எட்டாத துளைகளில் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கும் பாக்டீரியா. 1961-இல் இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் பாறையையும் காற்றுக் குமிழியையும் மட்டுமே நம்பிய முறையை எழுதி வெளியிட்டார். பிறகு பெர்லினைச் சேர்ந்த வளர்ப்பாளர்கள் பாறையோடு புரோட்டீன் ஸ்கிம்மரை (நுரையால் அழுக்கை வெளியே எடுக்கும் கருவி) சேர்த்தார்கள். இன்று உலகம் முழுக்க வீட்டுத் தொட்டிகள் பெரும்பாலும் அந்த பெர்லின் முறையின் வாரிசுகள்தான்.

நமக்கு வேண்டியது செயற்கையாகச் செய்த உலர் கல்: அரகோனைட் (ஒரு வகைச் சுண்ணாம்புக் கனிமம்) அடிப்படையிலோ செராமிக்கிலோ வருவது. 10 லிட்டருக்கு 1 கிலோ என்று வைத்து 18 கிலோ போதும். இலேசாக, துளை நிறைந்ததாக இருந்தால் 14 கிலோவே தாராளம். சுவர் மாதிரி அடுக்காதீர்கள். இரண்டு தீவுகளாக, பின்னால் தண்ணீர் ஓட ஒரு கை இடைவெளி விட்டு அடுக்குங்கள். கல்லுக்குப் பின்னால் அசையாத மூலை இருந்தால் அழுக்கு அங்கே போய்ச் சேரும், அங்கேதான் நைட்ரேட் உருவாகும்.

மணல் வேண்டுமானால் 2 சென்டிமீட்டர் அரகோனைட் மணல். கடற்கரையிலிருந்து அள்ளி வராதீர்கள். நம் கடற்கரை மணலில் கருப்பாகத் தெரியும் கனிமத் துகள்களில் பல காந்தத்தில் ஒட்டும். கண்ணாடி துடைக்கும் காந்த பிரஷ்ஷில் அவை ஏறிக்கொண்டால் முதல் இழுப்பிலேயே கண்ணாடியில் கோடு விழும்.

இனி ஸ்கிம்மர். எண்ணெய்ப் பசையும் புரதமும் கலந்த கரிமப் பொருட்கள் காற்றும் நீரும் சந்திக்கும் இடத்தில் ஒட்டும் குணம் உடையவை. ஸ்கிம்மர் கோடிக்கணக்கான சின்னக் குமிழிகளை உண்டாக்கி அந்தச் சந்திக்கும் இடத்தைப் பெருக்குகிறது. குமிழி அழுக்கைச் சுமந்து நுரையாக மேலேறிக் கோப்பையில் விழுகிறது. நன்னீரில் இவ்வளவு சின்னக் குமிழி நிலைக்காது, அதனால் இந்தக் கருவி உப்புநீருக்கே உரியது. பிற ஃபில்டர்கள் அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, அது அங்கேயே அழுகி நைட்ரேட் ஆகும். ஸ்கிம்மர் அழுகுவதற்கு முன்பே தண்ணீரை விட்டு வெளியே எடுத்துவிடுகிறது. கூடவே தண்ணீருக்குள் காற்றைக் கலக்கிக்கொண்டே இருக்கிறது. சூடான ஊர்களில் இந்த இரண்டாவது வேலைக்காகவே அதை வாங்கலாம்.

பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் அளவை அப்படியே நம்பாமல், உங்கள் தண்ணீரைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்குக்கு உரியதை எடுங்கள். நம் தொட்டிக்கு 300 முதல் 400 லிட்டர் என்று எழுதியது. வாங்கும்போது இரண்டு விஷயம் கேளுங்கள்: எவ்வளவு ஆழத் தண்ணீரில் நிற்க வேண்டும், அடிப்பாகம் எத்தனை அங்குலம். பெரும்பாலானவை 15 முதல் 23 சென்டிமீட்டர் ஆழம் கேட்கும். சம்ப் அளவை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். புதிய ஸ்கிம்மர் முதல் ஒன்றிரண்டு வாரம் ஒழுங்காக நுரை தள்ளாது. பிளாஸ்டிக்கில் உள்ள உற்பத்தி எண்ணெய் போகும்வரை அப்படித்தான். அதற்காகத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

சம்ப்: காகிதத்தில் போட வேண்டிய கணக்கு

சம்ப் என்பது ஸ்டாண்டுக்குள் இருக்கும் இரண்டாவது கண்ணாடித் தொட்டி. மேல் தொட்டியில் நிரம்பி வழியும் தண்ணீர் குழாய் வழியே கீழே வந்து, சுத்தமாகி, ரிட்டர்ன் பம்பு மூலம் மேலே போகிறது. முதல் தொட்டிக்கு கேனிஸ்டர் ஃபில்டர் போதாதா என்று கேட்பார்கள். வாராவாரம் திறந்து கழுவ முடிந்தால் ஓடும். ஆனால் ஸ்கிம்மருக்கும் தண்ணீர் நிரப்பும் கருவிக்கும் இடம் வேண்டுமென்றால் சம்ப்தான் வழி. நான் சம்ப் பக்கம்தான்.

அளவு 60 சென்டிமீட்டர் நீளம், 35 அகலம், 40 உயரம் என்று வைத்துக்கொள்வோம். முதல் 45 சென்டிமீட்டரில் 200 மைக்ரான் ஃபில்டர் சாக் (அழுக்கை வடிகட்டும் துணிப்பை), ஸ்கிம்மர் இரண்டும். தடுப்புக் கண்ணாடி உயரம் 20 சென்டிமீட்டர். கடைசி 15 சென்டிமீட்டரில் ரிட்டர்ன் பம்பு. அங்கே தண்ணீர் 15 சென்டிமீட்டர் நிற்கும். இப்போது மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்.

ஒன்று, மின்சாரம் போனால் என்ன ஆகும்? பம்பு நின்றதும் ரிட்டர்ன் குழாய் பின்னோக்கி உறிஞ்ச ஆரம்பிக்கும். குழாயின் வாய் தண்ணீருக்கு வெளியே வரும்வரை மேல் தொட்டி இறங்கிக்கொண்டே இருக்கும். நம் தொட்டியில் 1 சென்டிமீட்டர் என்பது 4.2 லிட்டர். வாய் 3 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் சுமார் 12.5 லிட்டர், குழாயிலும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் உள்ளது சேர்த்து 15 லிட்டர் கீழே வரும். மேலே சொன்ன சம்பில் அது 26 சென்டிமீட்டர் வரை ஏறி நின்றுவிடும். தரை நனையாது. அதே வாயை 15 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்திருந்தால் 60 லிட்டருக்கு மேல் வரும்; சம்பில் காலியிடம் 44 லிட்டர்தான். மேற்பரப்புக்கு அருகே குழாயில் ஒரு ஓட்டை போட்டால் காற்று புகுந்து உறிஞ்சல் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் நத்தையோ பாசியோ அந்த ஓட்டையை அடைத்துவிடும். ஓட்டை போடுங்கள், அதை நம்பி இருக்காதீர்கள். தண்ணீரை ஒரு பக்கம் மட்டுமே விடும் செக் வால்வும் அப்படியே. உப்புப் படிந்தால் மூடாது.

இரண்டு, கீழே வரும் குழாய் அடைத்துக்கொண்டால்? பம்பு ரிட்டர்ன் அறையில் உள்ள தண்ணீரை மட்டும் மேலே தள்ளிவிட்டு வறண்டு நிற்கும். அந்த அறையில் இருப்பது 15 × 35 × 15, அதாவது ஏறக்குறைய 8 லிட்டர். மேல் தொட்டியில் அது 2 சென்டிமீட்டர் ஏற்றம். ஆகவே ஓடும்போது தண்ணீர் மட்டம் விளிம்பிலிருந்து 3 அல்லது 4 சென்டிமீட்டர் கீழே இருந்தால் தப்பித்தோம். ரிட்டர்ன் அறையைச் சின்னதாக வைக்கச் சொல்வது இதற்காகத்தான். இருந்தாலும் இரண்டாவது வடிகுழாய் ஒன்றைக் கட்டாயம் போடச் சொல்லுங்கள். முதல் குழாய் வழக்கமான வேலைக்கு, இரண்டாவது கொஞ்சம் உயரத்தில் காலியாக நிற்கும். அதில் தண்ணீர் சத்தம் கேட்டால் முதல் குழாய் அடைக்கிறது என்று அர்த்தம்.

மூன்று, ஒரு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தால்? சம்ப் உள்ள தொட்டியில் ஆவியாகும் தண்ணீர் முழுக்க ரிட்டர்ன் அறையில்தான் குறையும். அங்கே 1 சென்டிமீட்டர் என்பது அரை லிட்டர். கோடையில், ஃபேன் ஓடினால், ஒரு நாளைக்கு 4, 5 லிட்டர் ஆவியாவது சாதாரணம். 15 சென்டிமீட்டரில் 8, 10 சென்டிமீட்டர் ஒரே நாளில் போய்விடும், பம்பு காற்றை இழுக்கும். அதனால்தான் தானாகத் தண்ணீர் நிரப்பும் கருவி இந்தத் தொட்டிக்கு ஆடம்பரம் ஆகாது. அதற்குத் தனியாக 20 லிட்டர் கேன் வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். சென்சார் பழுதாகி 20 லிட்டரும் ஒரேயடியாக உள்ளே போனாலும் உப்பளவு ஆயிரத்துக்கு 35 என்பதிலிருந்து 32 அளவுக்குத்தான் இறங்கும், மீன்கள் தாங்கும். வீட்டு ஆர்.ஓ. குழாயை நேராக இணைத்துவிட்டு ஊருக்குப் போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நிரப்புவது எப்போதும் உப்பில்லாத சுத்தமான தண்ணீர். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே இருக்கிறது.

இந்த மூன்றையும் மீன் வருவதற்கு முன்பே செய்து பார்த்துவிடுங்கள். ப்ளக்கைப் பிடுங்கிப் பாருங்கள், வடிகுழாயைக் கையால் மூடிப் பாருங்கள். மின்சாரம் திரும்பி வரும்போது சம்ப் மட்டம் ஏறியிருப்பதால் ஸ்கிம்மர் கோப்பை பொங்கி வழியும். சில நிமிடம் கழித்து ஸ்கிம்மரை மட்டும் இயக்கும் டைமர் ப்ளக் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

ரிட்டர்ன் பம்பும் வேவ்மேக்கரும்

சம்ப் வழியாக மணிக்குத் தொட்டி அளவைப்போல 5 மடங்கு, அதாவது சுமார் 950 லிட்டர் ஓடினால் போதும். ஆனால் பம்பு பெட்டியில் போட்டிருப்பது உயரம் எதுவும் இல்லாத கணக்கு. சம்ப் மட்டத்திலிருந்து மேல் தொட்டி வரை 1.2 மீட்டர், எல்போக்களையும் சேர்த்தால் 1.5 மீட்டர் மாதிரி. அதிகபட்ச உயரம் 3 மீட்டர் என்று எழுதிய பம்பு அங்கே பாதி அளவுதான் தள்ளும். ஆகவே 2000 லிட்டர் பம்பு, வேகத்தைக் குறைக்க வசதியுள்ள டி.சி. ரகம்.

தொட்டிக்குள் நீரோட்டம் தருவது தனி வேலை, அது வேவ்மேக்கருடையது. மீன் தொட்டிக்கு 10 முதல் 20 மடங்கு. தலா மணிக்கு 1500 லிட்டர் அளவில் இரண்டு சின்ன வேவ்மேக்கர்களை எதிரெதிர் மூலைகளில், கொஞ்சம் மேலே பார்த்தபடி வையுங்கள். மேற்பரப்பு எப்போதும் நெளிந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரே பெரிய வேவ்மேக்கருக்குப் பதில் இரண்டு சின்னவை என்று சொல்வதற்குக் காரணம், ஒன்று நின்றாலும் மற்றொன்று ஓடும்.

வெப்பம்

பிற நாடுகளில் எழுதும் பட்டியல்களில் ஹீட்டர் கட்டாயம் இருக்கும். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு அது சரி. சமவெளியில் நம் கவலை நேர்மாறு. 25 முதல் 27 டிகிரி நல்லது, 28 வரை பயமில்லை, 30-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் ஆபத்து.

முதலில் மலிவான வழி: சம்ப் மேலேயும் தொட்டி மேலேயும் சின்ன ஃபேன்கள். 1 லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 0.67 யூனிட் மின்சாரத்துக்கு இணையான வெப்பத்தைக் கொண்டுபோகிறது. 5 லிட்டர் என்றால் 3 யூனிட்டுக்கு மேல், நல்ல வேலைதான். ஆனால் காற்றில் ஈரம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது இது. வறண்ட காற்றுள்ள மதுரை, கோவை பக்கம் ஃபேன் 3, 4 டிகிரி இறக்கித் தரும். சென்னையில் மே, ஜூனில் ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டரே 27, 28 டிகிரி காட்டும். எத்தனை ஃபேன் வைத்தாலும் அதற்குக் கீழே தண்ணீர் இறங்காது. நடைமுறையில் அதற்கு மேலேயேதான் நிற்கும்.

ஆகவே கடற்கரை ஊர்களில் இரண்டு வழி: பகலிலும் ஏ.சி. ஓடும் அறை, அல்லது தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர். சில்லர் வாங்கினால் பெட்டியில் போட்ட லிட்டர் கணக்கைக் குளிர்ந்த அறைக்கான கணக்காக எடுத்துக்கொண்டு ஒரு அளவு மேலே போங்கள். இந்தத் தொட்டிக்கு 1/10 குதிரைத்திறன் விளிம்பில் நிற்கும். 1/5 அல்லது 1/4 இருந்தால் மோட்டார் ஓய்வெடுத்து ஓடும். சில்லர் தொட்டியிலிருந்து எடுத்த சூட்டைப் பின்பக்கமாக அறையில்தான் கொட்டுகிறது. அதை ஸ்டாண்டுக்குள் வைத்துக் கதவை மூடினால் தான் கக்கிய சூட்டையே திரும்ப இழுத்துத் திணறும். வெளியே, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். தொட்டிக்குக் கண்ணாடி மூடி வேண்டாம், வலை போடுங்கள். காற்றும் போகும், ஃபயர்ஃபிஷ் குதித்துத் தரையில் விழாமலும் இருக்கும்.

மின்சாரம்

ஓடும் சுமையை எழுதிப் பாருங்கள். ரிட்டர்ன் பம்பு 25 வாட், ஸ்கிம்மர் 20, வேவ்மேக்கர்கள் 10, 15. மொத்தம் 60 வாட்தான். 150 ஆம்பியர்-மணி பேட்டரி போட்ட வீட்டு இன்வெர்ட்டர் இதை மட்டும் சுமந்தால் அரை நாளுக்கு மேல் தாங்கும். நான்கு சீலிங் ஃபேனோடு பகிர்ந்தால் மூன்று, நான்கு மணி நேரம். சில்லரை இன்வெர்ட்டரில் போடாதீர்கள், பேட்டரியைக் குடித்துவிடும். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்கட்டும். பழைய ஸ்கொயர் வேவ் வகையில் ஏ.சி. பம்புகள் உறுமும், சூடாகும். அந்தச் சூடும் தண்ணீருக்குத்தான்.

இன்வெர்ட்டரும் தீர்ந்துவிட்டால்? புயல் நாட்களில் சென்னைக்கும் நாகைக்கும் கடலூருக்கும் நாள்கணக்கில் மின்சாரம் வராமல் போனது எல்லோருக்கும் தெரியும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு இரண்டு, காற்றுக் கல்லோடு, ஸ்டாண்டுக்குள் எப்போதும் தயாராக இருக்கட்டும். பவர் பேங்கில் ஓடும் வகை கிடைக்கிறது, விலையும் குறைவு. இந்தப் பட்டியலில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத பாயிண்டில் தொட்டியை இணைக்கவே கூடாது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், உங்கள் கை அதற்குள் அடிக்கடி போகும். எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுச் சோதியுங்கள். ஒவ்வொரு வயரும் ப்ளக்குக்குப் போகும் முன் கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். வயர் வழியே வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். எக்ஸ்டென்ஷன் போர்டு சம்ப்புக்கு மேலே வேண்டாம், பக்கச் சுவரில் உயரமாக.

தண்ணீரும் உப்பும்

சென்னை போர் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின் அளவு) 1000-ஐத் தாண்டும் தெருக்கள் நிறைய. வீட்டு ஆர்.ஓ. அதைக் குறைக்கும், ஆனால் குடிநீருக்கான ஆர்.ஓ. பலவற்றில் சுவைக்காகக் கொஞ்சம் பழைய தண்ணீரையே திரும்பக் கலக்கும் திருகும், மினரல் கார்ட்ரிட்ஜும் இருக்கும். தொட்டித் தண்ணீரை அவற்றுக்கு முன்னால், மெம்ப்ரேன் வழியே வரும் குழாயிலிருந்து எடுங்கள். அதற்குப் பின் மிச்ச உப்புகளைப் பிடிக்கும் டி.ஐ. ரெசின் போட்ட ஒரு குப்பி வைத்தால் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டும். அதுதான் இலக்கு. 20, 30 இருந்தால் தொட்டி செத்துவிடாது, பழுப்புப் பாசி அதிகம் வரும்.

உப்பு, கடல்நீர்த் தொட்டிக்கென்றே தயாரிக்கப்பட்ட கலவையாக இருக்க வேண்டும். சமையல் உப்பும் கல்லுப்பும் சோடியம் குளோரைடு. கடலில் உள்ள கால்சியம், மெக்னீசியம் அளவும் பி.எச்.-ஐத் தாங்கும் காரத்தன்மையும் அதில் கிடையாது. 20 லிட்டருக்கு 700, 750 கிராம் மாதிரி. முதலில் தண்ணீர், அதில் உப்பு, சின்னப் பம்பு போட்டுச் சில மணி நேரம் கலக்குங்கள். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35, அல்லது அடர்த்தி 1.025 முதல் 1.026. அந்த மீட்டரை வெறும் தண்ணீரில் மட்டும் சரிபார்க்காமல் 35 அளவுத் திரவத்தில் சரிபாருங்கள். பிளாஸ்டிக் முள் வைத்த ஹைட்ரோமீட்டரின் முள்ளில் ஒரு குமிழி ஒட்டினாலே கணக்கு மாறும்.

கடலிலிருந்தே எடுத்து வந்தால் என்ன? சுத்தமான ஆழமான இடத்தில், மழை இல்லாத காலத்தில் எடுத்தால் அருமையான தண்ணீர்தான். கூவமும் அடையாறும் கலக்கும் கரையில் எடுத்தால் என்ன வரும் என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. முதல் வருடம் உப்புக் கலவையோடு இருங்கள்.

வாங்க வேண்டாதவை

யு.வி. விளக்கு, ஓசோன், பயோ பால், பாஸ்பேட் ரியாக்டர், கண்ட்ரோலர் எதுவும் முதல் வருடத்தில் தேவையில்லை. விளக்கு சாதாரண எல்.இ.டி. போதும், 8 மணி நேரம், டைமரில். ஃபில்டர் சாக் மட்டும் நான்கைந்து வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒன்று மாற்ற வேண்டும். கொஞ்சம் ஆக்டிவேட்டட் கார்பன் கையிருப்பில் இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும்போதோ ஏதாவது தவறி விழுந்துவிட்டாலோ உதவும்.

இன்னொரு தொட்டி வாங்க வேண்டும், அது மறக்கக் கூடாதது: 50 லிட்டர் தனிமைத் தொட்டி. ஸ்பாஞ்ச் ஃபில்டர், மீன் ஒளிய இரண்டு பி.வி.சி. எல்போ, வேறொன்றும் வேண்டாம். கடல் மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோய்க்கு மருந்து பெரும்பாலும் செம்பு. அதைப் பெரிய தொட்டியில் ஊற்ற முடியாது. இறால் சாகும், கல் செம்பை உறிஞ்சிக்கொள்ளும். நோய் பெரிய தொட்டிக்குள் நுழைந்துவிட்டால் மீன்களையெல்லாம் வெளியே எடுத்து, 76 நாள் தொட்டியை மீன் இல்லாமல் போட வேண்டும். ஒவ்வொரு புது மீனையும் நான்கு வாரம் தனியாக வைத்துப் பார்ப்பது அதைவிட எவ்வளவோ சுலபம்.

ஓட்டம் விடும் வரிசை

முதல் நாள் ஸ்டாண்டின் மட்டம் பாருங்கள். குழாய் ஒட்டிய சிமெண்ட் ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். பிறகு சாதாரணத் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் ஓட்டி, கசிவு, சத்தம், மேலே சொன்ன மூன்று சோதனை. அதைக் காலி செய்துவிட்டு, கல், மணல், உப்புத் தண்ணீர்.

இனி பாக்டீரியா வளர வேண்டும். அம்மோனியம் குளோரைடு கரைசலை அம்மோனியா 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும்வரை விடுங்கள், பாட்டிலில் வரும் கடல்நீர் பாக்டீரியாவைக் கூடவே ஊற்றலாம். ஒரு துண்டு இறாலைப் போட்டு அழுக விடுவதும் பழைய வழி, ஆனால் அளவு நம் கையில் இருக்காது, நாற்றமும் உண்டு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அம்மோனியா, நைட்ரைட் சோதனை. முதலில் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும், பிறகு அதுவும் இறங்கும். நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். விட்ட 2 பி.பி.எம். அம்மோனியா 24 மணி நேரத்தில் பூஜ்யமாகி, நைட்ரைட்டும் பூஜ்யம் என்றால் கல் தயார். நைட்ரேட் ஏறியிருக்கும், பாதித் தண்ணீரை மாற்றிவிடுங்கள்.

இந்த ஆறு வாரத்திலேயே கிளவுன் ஜோடியைத் தனிமைத் தொட்டியில் வளர்க்க ஆரம்பிக்கலாம், அதன் ஸ்பாஞ்ச் முன்கூட்டியே பழகியிருந்தால். முதலில் பெரிய தொட்டிக்குள் போக வேண்டியவை அந்த இரண்டு மீன்கள் மட்டும். மூன்று வாரம் கழித்து, அம்மோனியா தொடர்ந்து பூஜ்யம், நைட்ரேட் 20 பி.பி.எம்.-க்குக் கீழே என்று இருந்தால் கோபி. வாரம் 20 லிட்டர் தண்ணீர் மாற்றம், ஸ்கிம்மர் கோப்பையையும் கழுத்தையும் கழுவுவது, ரிஃப்ராக்டோமீட்டர் ஒரு பார்வை. பம்புகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வினிகர் கலந்த தண்ணீரில் ஊறப் போட்டு, உள்ளே படிந்த சுண்ணாம்பைத் தேய்த்து மாட்டுங்கள். கோடைக்கு முன்னால், மார்ச்சிலேயே, இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு ஒருமுறை மெயினை அணைத்துப் பாருங்கள்.